குளத்தில் இறங்கிய சில்வண்டு

வீட்டில் குளிக்க வைத்தால் சில்வண்டுக்கு ஒரே கொண்டாட்டம். எட்டு மாதக் கைக்குழந்தைதான். ஆனால் இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து, குளிப்பாட்டுகிறவரையும் சேர்த்துக் குளிப்பாட்டிவிடுவான்.

அதே சில்வண்டு, குழந்தைகள் நீச்சல் வகுப்பில் அம்மா கைக்குப் போனதும் ஊரைக் கூட்டுவான். உடனே மற்றக் குழந்தைகளும் ஆளுக்கொரு சுருதியில் ஆரம்பிக்கும். வாராவாரம் இதே கச்சேரி. இன்றும் அழுதால் அடுத்த வருடம் வரச் சொல்லிவிட்டார் பயிற்சியாளர்.

அக்கா வாலுவுக்குத்தான் மனசே ஆறவில்லை. தம்பி பழகிவிட்டால் அவளும் அவனோடு இறங்கலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அவளும் ஒவ்வொரு வாரமும் நீச்சல் உடையோடு வந்து, ஒரு சொட்டு நனையாமல் வீடு திரும்பினாள்.

தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம் என்றார் அப்பா. வாலு நம்பவில்லை. அப்பா மடியில் இருந்தவனின் காலைக் குளத்து ஓரத்தில் நனைத்துப் பார்த்தாள். அவன் கெக்கெக்கென்று சிரித்தான்.

அப்படியானால் எதற்கு அழுகிறான்?

உடை மாற்றும் அறையிலிருந்து அம்மா வந்தாள். கூந்தல் முழுவதும் இறுக்கமான நீலத் தொப்பிக்குள். கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி. வாலு தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றது. உதடு மெல்லப் பிதுங்கியது. பக்கத்து வீட்டு மாமா தூக்க வரும்போது பிதுங்குமே, அதே உதடு.

வாலுவுக்குப் பொறி தட்டியது.

"அம்மா, அங்கேயே நில்லு. நீ யாருன்னு அவனுக்குத் தெரியல."

"என்னடி உளர்றே? நான் அவன் அம்மாடி."

"முடியும் காணோம், கண்ணும் காணோம். அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?"

"எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றார் அப்பா. அம்மா முறைத்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் அது யாருக்கும் தெரியவில்லை.

தொப்பி இல்லாமல் குளத்தில் இறங்கக் கூடாது என்று பயிற்சியாளர் நினைவூட்டினார். வாலு ஒரே ஒரு நிமிடம் கேட்டாள். அம்மாவை உட்காரவைத்துத் தொப்பி, கண்ணாடி இரண்டையும் கழற்றினாள். கூந்தல் தோளில் விழுந்ததும் சில்வண்டு அம்மாவிடம் தாவினான்.

வாலு அவன் கண் முன்னாலேயே அம்மாவுக்குத் தொப்பியைப் பாதி மாட்டினாள். அவன் புருவம் சுருங்கியது. சட்டென்று கழற்றினாள். "இதோ அம்மா!" மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். அவனுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. கடைசியில் தொப்பியை முழுவதும் மாட்டியபோது, அம்மாவின் கன்னத்தைத் தடவினான். மூக்கைப் பிடித்து இழுத்தான். சரி, அதே மூக்குதான்.

கண்ணாடியைக் கரையிலேயே வைத்துவிட்டு, அம்மா படியில் இறங்கினாள். தண்ணீர் சில்வண்டின் இடுப்பைத் தொட்டது. வயிற்றைத் தொட்டது. வாலு அவன் உதட்டையே பார்த்தாள்.

சில்வண்டு காலை உதைத்தான். இன்னொரு உதை. எழும்பிய தண்ணீர் பயிற்சியாளரின் முகத்தில் சப்பென்று அடித்தது. குளத்திலிருந்த அம்மாக்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பயிற்சியாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாலுவைப் பார்த்தார்.

"நீ ஏன் இன்னும் கரையில நிக்கிறே? வா, இறங்கு."

வாலு தன் தொப்பியை எடுத்தாள். உள்ளே குதித்துவிடத்தான் கால் துடித்தது. ஆனாலும் தம்பிக்கு நன்றாகத் தெரியும்படி குனிந்து, மெதுவாக, மிக மெதுவாக, மாட்டிக்கொண்டாள்.