எட்டு நாற்பது

இரவு எட்டு நாற்பதுக்கு அடுப்பின் பூட்டு விடுபட்டது. ஜெனோவா சோற்றைச் சூடாக்கினாள். தெருவில் மற்ற அடுப்புகள் மாலை ஐந்தரைக்கே பூட்டிக்கொண்டிருந்தன. காலை ஒன்பதரைக்குத்தான் அவை திறக்கும்.

தட்டை ஜன்னலோரம் கொண்டுபோனாள். கடலில், தொலைவில், காற்றாலைக் கோபுரங்களின் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. இடமிருந்து ஏழாவது அவள் கணவன் கஸ்பாருடையது. முதல் கவளத்தை எடுத்துக்கொண்டு ஏழாவது விளக்கு அணைந்து எரியும்வரை காத்திருந்தாள். பிறகு சாப்பிட்டாள். இரண்டு ஆண்டு பத்து மாதமாக அப்படித்தான்.

நாளை அவன் வருகிறான்.

பதினாறு மணி நேரம் குடல் காலியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்தில்தான் குடற்சுவரைப் பழுதுபார்க்கும் நுண்ணுயிர்கள் பெருகும். சர்க்கரை நோய்க்கு மாத்திரைகள் பலிக்காமல் போன காலத்தில் வந்த சட்டம் அது. நாள்தோறும் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் நுண்ணுயிர்கள் அந்த நேரத்தைக் கற்றுக்கொள்ளும். அதற்குக் குடற்கடிகாரம் என்று பெயர். ஒவ்வொரு கழிப்பறையிலும் ஒரு குடல்மானி இருந்தது. அது காலையில் கடிகாரத்தைப் படித்து வேளை நிலையத்துக்கு அனுப்பியது. தவறான வேளையில் சாப்பிட்டவர்களின் அடுப்பு மூன்று நாள் திறக்காது.

கணவன் மனைவிக்கு ஒரு சலுகை இருந்தது. ஒருவருடைய வேளைக்கு மற்றவர் மாறிக்கொள்ளலாம். அதை ஓரிலைப் பதிவு என்றார்கள்.

கோபுரத்தில் நாளுக்கு ஒரு சாப்பாடு. வேலை முடிந்த பிறகு, எட்டு நாற்பதுக்கு. கஸ்பார் கிளம்பிய அன்று படகுத்துறையில் சொன்னான்.

"ஏளா, நீயும் அதே நேரத்துக்குச் சாப்பிடு. எதிர்ல இருக்கிற மாதிரி நெனச்சுக்கிடுதேன்."

மறுநாளே அவள் போய்ப் பதிவு செய்தாள். தொண்ணூறு நாள் பட்டினியும் அரைச் சாப்பாடுமாக உடம்பைத் திருப்பினாள். நுண்ணுயிர்கள் கற்றுக்கொண்டன. அவளுடைய ரத்தச் சர்க்கரை கற்றுக்கொள்ளவில்லை. அது இன்னும் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது; இரவில் சாப்பிட்டால் ஏறியது. போன மாதம் இடது கால் கட்டைவிரல் மரத்துப்போயிற்று. அவள் வேலைசெய்யும் உப்பு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் துண்டை மிதித்தபோது அவளுக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்துத் தோழிதான் சொன்னாள்.

ஞாயிறுதோறும் அவன் பேசுவான்.

"சாப்பிட்டியளா?" என்பாள்.

"சாப்பிட்டேன்."

"எப்ப?"

"என்னத்த எப்ப? எட்டு நாப்பதுக்குத்தான்."

அது போதுமாயிருந்தது.

*

கரைக்கு வருகிறவர்கள் வீட்டில் சாப்பிடுவதற்கு முன் வேளை நிலையத்தின் குடல்மானியில் அளவு கொடுக்க வேண்டும். காலை பத்தரைக்கு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கஸ்பார் கறுத்திருந்தான். கழுத்தில் பாதுகாப்புக் கயிற்றின் தழும்பு. அவளுடைய கையைப் பிடித்தான். உள்ளங்கை மரக்கட்டைபோல் இருந்தது.

"மெலிஞ்சிட்டே," என்றான்.

"நீங்க வெயிட்டு போட்டிருக்கிய."

"கடக்காத்துதான்."

"காத்துல எண்ணெ கலந்திருக்குமோ?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நேரில் பார்த்து எவ்வளவு காலம். இரவுக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் சீலாமீன் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். கழுவிவைத்த இரண்டு தட்டுகள் வீட்டில் அடுப்பு மேடையில் இருந்தன.

வடிவு உள்ளேயிருந்து கூப்பிட்டாள். வார்டின் குடல் பணியாளர். ஜெனோவாவின் பாதத்தை மாதந்தோறும் சோதித்துத் திட்டுகிறவள்.

"வாங்கண்ணே. எங்கக்கா ஒங்களுக்காவ நடுராத்திரிப் பிசாசு மாதிரி தின்னுக்கிட்டு இருந்தா. இந்தத் தெருவுல அவ வீட்டுக் கொழம்பு வாசத்துல ஒருத்தனும் ஒறங்கல. எம்புட்டுப் புகார் தெரியுமா?"

"எட்டு நாப்பது நடுராத்திரியா?" என்றாள் ஜெனோவா.

"பட்டினி கெடக்கவனுக்கு நடுராத்திரிதான். சரி, ரெண்டு பேரு அளவையும் சேத்துப் போடுதேன். பொருந்திட்டுன்னா இன்னைக்கே ஒரே அடுப்பு."

திரையில் இரண்டு வட்டங்கள் தோன்றின. ஒன்று ஜெனோவாவுடையது. முள் எட்டு நாற்பதில் நின்றது. அசையவே இல்லை. மற்றதன் முள் நடுங்கியது. மேலே ஏறியது. பன்னிரண்டு பத்தில் நின்றது.

வடிவு மானியைத் துடைத்து மறுபடி போட்டாள். பன்னிரண்டு பத்து.

"பகலா?" என்றாள்.

கஸ்பார் தொண்டையைச் செருமினான். "ஷிஃப்ட மாத்திட்டாங்க."

"எப்ப?" ஜெனோவா கேட்டாள்.

"மொத வருசம் முடியக்கொள்ள."

அவள் தன் காலைப் பார்த்தாள். செருப்புக்குள் கட்டைவிரல் இருந்தது. இருப்பது தெரியவில்லை.

வடிவு திரையின் அடுத்த பக்கத்துக்குப் போனாள். அங்கே குடல்கூட்டு இருந்தது. யாரோடு சாப்பிடுகிறோமோ அவர்களுடைய நுண்ணுயிர்கள் நம்மிடம் குடியேறும். ஒரே நேரம், ஒரே பாத்திரம், ஓராண்டுக்கு மேல். அப்போதுதான் சாயல் விழும். ஓரிலைக்காரர்களுக்குத் திரையில் இருவருடைய பட்டைகளும் ஒரே நிறத்தில் இருக்கும்.

வடிவு உடனே பக்கத்தை மூடினாள். ஜெனோவா அதற்குள் பார்த்துவிட்டாள். கஸ்பாரின் பட்டையில் அவளுடைய நிறம் ஒரு கோடாகத்தான் மிச்சமிருந்தது. மீதி வேறொரு நிறம்.

"அங்க எல்லாரும் மெஸ்ஸுலதான் சாப்பிடுவோம்," என்றான் கஸ்பார். யாரும் கேட்காமலே.

வடிவு அவனைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னாள். "மெஸ்ஸுன்னா நாப்பது சாயல் கலந்து வரும்ண்ணே. இது ஒரு ஆளு."

வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்துபோகவில்லைபோல. மறுபடி கூப்பிட்டார்கள்.

"திருப்பலாமா?" ஜெனோவா கேட்டாள். "தொண்ணூறு நாளு. நான் மறுபடி இருக்கேன்."

"யக்கா, நாப்பது வயசுக்கு மேல ஒரு தடவதான். ஒங்க தடவ முடிஞ்சு போச்சு." வடிவு கஸ்பாரின் பதிவைத் திறந்து பார்த்தாள். "அண்ணனுக்கும் முடிஞ்சு போச்சு. இனி யாரு வேள யாருக்கோ அதுதான்."

அவள் இரண்டு சீட்டுகளை அச்சிட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு இன்னொரு அடுப்பு வரும் என்றாள். அரசாங்கமே கொடுக்கும்.

*

வீட்டுக்குப் பேருந்து ஏறினார்கள். பேருந்தில் ஒரு கிழவர் அவனுடைய கோபுரச் சட்டையைப் பார்த்து, அங்கே மீன் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றான். நல்ல மீனா என்று கேட்டார். நல்ல மீன் என்றான்.

அவனுடைய புதுச் சீட்டுக்கு, முதல் நாள் என்று சமைக்க நேரம் விட்டு, அடுப்பு பதினொன்றே முக்காலுக்கே திறந்தது. ஜெனோவா சீலாமீனை எடுத்தாள். புளி கரைத்தாள். ருசி பார்க்க முடியாது. உப்பைக் கண்ணால் அளந்து போட்டாள். அந்த வாசத்தில் அவள் வயிறு அசையவில்லை. அதற்கு இன்னும் எட்டரை மணி நேரம் இருந்தது. அதைப் பழக்கியவள் அவள்தான்.

மேடையிலிருந்த இரண்டு தட்டுகளில் ஒன்றை எடுத்தாள். பன்னிரண்டு பத்துக்கு அவன் முன் வைத்தாள்.

எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் மனதுக்குள் அவனை உட்காரவைத்த நாற்காலியில் இப்போது அவன் இருந்தான். அவன் சோற்றைப் பிசைந்தான். தட்டின் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தான். குழம்புச் சோற்றை ஒரு பக்கம் ஒதுக்கினான். மீனின் நடுத்துண்டை முள் நீக்கி மறுபக்கம் வைத்தான். அதைத் தொடாமல் இந்தப் பக்கத்தைச் சாப்பிட்டான்.

பாதியில்தான் அவனுக்கே தெரிந்தது. கை நின்றது. நடுத்துண்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"உப்பு சரியா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"நடுத்துண்டு ஒங்களுக்குப் பிடிக்குமே."

அவன் தலையசைத்தான். கண்ணை எடுக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிருப்பேன்," என்றான். "நீ அங்க காத்துக்கிட்டு இருப்பேன்னு நெனச்சா சொல்ல வாய் வராது. இந்த வாரம், அடுத்த வாரம்னு போயிட்டு. நீ பாதில விட்ருப்பேன்னு நெனச்சேன் ஜெனோ. சத்தியமா. யாரு அம்புட்டு நாளு இருப்பா?"

ஜன்னலுக்கு வெளியே கடல் வெள்ளையாக இருந்தது. வெயிலில் கோபுரங்கள் தெரியவில்லை. எந்த இடத்தில் ஏழாவது இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

அவன் தண்ணீரைக் குடித்தான். அவள் கேட்க நினைத்தது பெயரை அல்ல. பெயர் வேண்டாம். சமைப்பவளா, கோபுரம் ஏறுகிறவளா என்பதும் வேண்டாம். எழுந்துபோய் மேடையில் மீதமிருந்த தட்டைத் துணியால் துடைத்தாள். காய்ந்த தட்டுதான். மறுபடி துடைத்தாள்.

"எட்டு நாப்பதுக்கு," என்றாள், "நீங்க அங்க என்ன செஞ்சிக்கிட்டு இருப்பிய?"