ரதிக்கு ஏழாம் நம்பர்

மழையோடு மழையாகத்தான் அவன் கடைக்குள் வந்தான். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஃபேன்சி கடை. குடை இல்லை. அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் சுலக்ஷனாவின் கண்ணாடிப் பெட்டி மேல் விழுந்தது. துடைத்தாள். மறுபடி சொட்டியது. மறுபடி துடைத்தாள்.

"ஸ்கின் கலர்ல மேக்கப் ஒன்னு குடுங்க."

"யாரு ஸ்கின்னு?"

அவன் விழித்தான்... "ரதியோடதுங்க."

மனைவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆளைக் கூட்டி வந்தால் நிறம் பார்த்துத் தரலாம் என்றாள்.

"ஆளு வந்தாச்சுங்க. நான்தான் ரதி."

அவள் அவன் மீசையைப் பார்த்தாள். கொஞ்சம் கர்வமான மீசை.

"மீசையோடயா?"

"மாசி பொறந்தா எடுத்துருவேன். அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

பெயர் ஜீவராஜ். நோர்வூட் பக்கத்துத் தோட்டம், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே மாசியில் நடக்கும் காமன் கூத்தில் மன்மதனின் மனைவி ரதியாக இந்த வருடம் ஆடப்போவது அவன். துடைத்த இடத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட இவ்வளவையும் சொன்னான்.

அவள் டியூப்களை வரிசையாக வைத்தாள். முதலாவதன் பெயர் பேர்ல். இரண்டாவது ஐவரி. மூன்றாவது வெறும் ஸ்கின். ஏழாவதுக்குப் பெயரே இல்லை, நம்பர் மட்டும். விற்கிறவள் தன் மணிக்கட்டில் பூசிக் காட்ட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். மூன்றாம் நம்பர் அவள் கையில் அடுப்புச் சாம்பல் ஒட்டியது போல நின்றது.

"இதுக்குப் பேரு ஸ்கின்னு. அப்ப எங்க மேல இருக்கிறது ரெக்சின் போல."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் சட்டென நிறுத்திக்கொண்டான். அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தான்... பெரிய கண்கள். சண்டைக்கு வந்து நின்று, சண்டை போட ஆளில்லாமல் களைத்துப்போன கண்கள்.

"கடைசில உள்ளதையும் பூசிக் காட்டுங்க."

முடியைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டுப் பூசினாள். ஏழாம் நம்பர் தோலோடு தோலாகக் காணாமல் போனது. அவன் அதையே வாங்கிக்கொண்டு, மழை விடும் முன்பே இறங்கிப் போனான்.

பைத்தியம், என்று நினைத்தாள். அன்று மாலை வரை நாலைந்து முறை அப்படி நினைத்தாள்.

சுலக்ஷனா அந்தக் கடையில் நிற்பது ஆறாவது வருடம். முகம் வெளுக்கும் கிரீம் விற்கிறவள். கிரீம் பெட்டியில் இரண்டு முகங்கள் இருக்கும்: பூசுவதற்கு முன், பூசிய பின். முதல் படத்துக்கு நீதான் போஸ் கொடுத்தாயா என்று கேட்காத வாடிக்கையாளர்கள் குறைவு. கறுப்பா இருந்தாலும் களை என்று ஆறுதல் சொல்பவர்கள் அதைவிட மோசம். எல்லோருக்கும் ஒரே சிரிப்புச் சிரித்து, ஒரே பையில் போட்டுக் கொடுப்பாள். கோபப்பட ஆரம்பித்தால் முடிவே இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மாசியில் ஒரு காலை, கூட வேலை செய்யும் பிரியந்தி ஃபோனை நீட்டினாள். காமன் கூத்து வீடியோ. தோட்டத்து வரிசை வீடுகளான லயம் லயமாக ரதி ஆடிப் போகிறாள். வழக்கமான ரோஸ் பவுடர் முகம் இல்லை. கறுப்பு முகம். ஏழாம் நம்பர். புறங்கையால் முடியை ஒதுக்குகிற விதம்கூட... அவளுடையது. கீழே யாரோ எழுதியிருந்தார்கள், ஹட்டன் ஃபேன்சி கடை அக்கா எப்போது ரதியானாள் என்று. அதற்கு நூற்றுக்கணக்கான சிரிப்புகள்.

ஆறு வருடமாக வராத அழுகை வந்தது. பின்னால் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். மற்றவர்கள் சொன்னபோது வலிக்கவில்லையே. இவன் செய்தது மட்டும் ஏன்... அந்தக் கேள்வியை அதற்கு மேல் தொடர அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மதியம் அவனே வந்தான். மீசை இல்லை. காதோரம் கொஞ்சம் ஏழாம் நம்பர் ஒட்டியிருந்தது.

"இன்னொன்னு வேணுங்க. தீந்து போச்சு."

"ஸ்டாக் இல்ல."

டியூப் அவன் கண் முன்னாலேயே இருந்தது. அவன் அதைக் காட்டவில்லை.

"நீங்க ஆடி முடிச்சுட்டுக் கழுவிருவீங்க," என்றாள். "நான் எங்க போய்க் கழுவுறது?"

பிரியந்தி மெல்ல நகர்ந்து ஷாம்பு அடுக்கப் போனாள்.

அவன் இரண்டு கைகளையும் பெட்டி மேல் ஊன்றிக்கொண்டான். அப்போதுதான் அவள் பார்த்தாள்... வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும். காப்பு. காப்புக் கட்டியவன் கூத்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அவள் பிறந்த தோட்டத்திலும் அதே சட்டம்தான்.

"காப்போட எல்லை தாண்டியா வந்தீங்க?"

"கூத்து மாஸ்டர் கந்தப்பன் கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பலன்னா ரதி வேசம் வேற ஆளுக்கு. அவருக்கு ஏற்கெனவே கோவம். ரதிய எவன்டா கறுப்பாப் பார்த்தான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"நான் பார்த்தேன்னு சொன்னேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை மேல் விழும் சத்தத்தில் அவன் குரல் தாழ்ந்துபோனது. "விரதத்துல இருக்கேங்க. கேலி பண்ண இந்த வேசத்தக் கட்டல. ரதின்னா எப்புடி இருப்பான்னு யோசிச்சேன்... உங்க மொகந்தான் வந்துச்சு. கேக்காமச் செஞ்சது தப்பு. அதுல பேச்சே இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்." காப்பைத் தொட்டுக்கொண்டான். "உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. அதயும்."

சிரித்தவர்கள் வேறு. இவன் வேறு. ஆறு வருடத்துக் கோபத்தை மொத்தமாகச் சேர்த்து, சிரிக்காத ஒருவன் தலையில் கொட்டியிருக்கிறாள். அவனோ அதை வாங்கிக்கொண்டு, நோர்வூட் பஸ்ஸுக்கு நேரமாவதையும் மறந்து நிற்கிறான்.

அவள் டியூபை எடுத்துப் பையில் போட்டாள்.

"முடிய இடது கையால ஒதுக்க மாட்டேன். வலது கை. தப்பா ஆடுறீங்க."

"திருத்திக்கிறேன்."

"கடைசி நாளு வந்து பார்ப்பேன்."

அவன் கண்கள் நனைந்தன. மழை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. வாசல் வரை போனவனை அவள் கூப்பிட்டாள்.

"எங்க வீட்டுக்கு எப்ப வாரீங்க?"

"நாளைக்கே..."

"இல்ல. மீசை வளரட்டும். ரதியா வந்து நின்னா எங்கம்மா குழம்பிப் போகும்."