அடுப்பு, சாவி, கதவு

கீழ்வீட்டு ஹில்டா அன்ரி வீட்டுச் செருப்போடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சாவி உள்ளே இருந்தது. ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் அந்தக் கட்டடத்துக் கதவுகள் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த கொறற்றி மேல்மாடியில் இருந்த தன் வீட்டுக்கு ஓடினாள். அன்ரியின் மற்றச் சாவி அவள் அம்மாவிடம்தான் இருந்தது.

“இந்த மாசம் மூண்டாம் தரம்,” என்றார் அம்மா. “போன கிழமை அடுப்பையும் எரியவிட்டிட்டா. இனியும் இப்பிடி நடந்தால் முதியோர் இல்லம்தான் எண்டு மகன் சொல்லிப்போட்டார்.”

கொறற்றி சாவியை வாங்கிக்கொண்டாள். இலங்கையிலிருந்து வந்த புதிதில் அவளைப் பார்த்து முதலில் சிரித்தவர் அன்ரிதான்.

“‘அடுப்பு, சாவி’ எண்டு கதவிலை எழுதி ஒட்டுவமோ, அம்மா?”

ஒட்டினாள். அன்ரி அதை வாசிக்க மறந்தார்.

மறுநாள் அன்ரி வீட்டு வானொலியில் வால்ஸ் நடன இசை வந்தது. அன்ரி கொறற்றியின் கையைப் பிடித்து ஆடினார். ஒன்று, இரண்டு, மூன்று. எழுபத்தாறு வயதிலும் ஓர் அடி பிசகவில்லை. நடன வகுப்புக்குப் போகும் கொறற்றிதான் அவர் காலை மிதித்தாள்.

இருவரும் பேசுவது டொச்சு, அதாவது ஜேர்மன் மொழி. நாம் தமிழில் கேட்போம்.

“அன்ரி, உங்கட தலைக்குத்தான் மறதி. காலுக்கு இல்லை.”

“அப்ப இனிக் கால்தான் யோசிக்கவேணும்,” என்று அன்ரி சிரித்தார்.

கொறற்றி புது ஆட்டம் ஒன்று கட்டினாள். ஒன்று, அடுப்பை அணை. இரண்டு, சாவியை எடு. மூன்று, கதவைச் சாத்து. தினமும் நாலு மணிக்கு இருவரும் ஆடினார்கள்.

இரண்டு கிழமை கழித்து அன்ரியின் மகன் லோறன்ஸ் வந்தார். அடுப்பில் கோப்பிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

“இல்லத்தைப் பாத்திட்டு வருவம், அம்மா. கெதியா வாங்கோ.”

அன்ரி நேரே கதவுக்குப் போனார். கொறற்றி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்று அவள் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

வாசலில் அன்ரியின் கால் நின்றது. திரும்பி வந்து மகனின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

“அம்மா, என்ன செய்யிறியள்?”

ஒன்று. அடுப்பு அணைந்தது. இரண்டு. சாவி கைக்கு வந்தது. மூன்று. எல்லோரும் வெளியே வர, கதவு மூடிக்கொண்டது.

லோறன்ஸ் சட்டைப்பையைத் தடவினார். காற்சட்டைப்பையையும் தடவினார். முகம் சிவந்தது.

“என்ர கார்ச் சாவி... மேசையிலை விட்டிட்டன்.”

அன்ரி தன் சாவியால் கதவைத் திறந்துவிட்டார். லோறன்ஸ் அம்மாவின் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இல்லம் இப்ப வேண்டாம், அம்மா.”

“நாளைக்கு நாலு மணிக்கு வாங்கோ,” என்றாள் கொறற்றி அவரிடம். “உங்களுக்கும் பழக்கவேணும். சப்பாத்தை மட்டும் கழட்டாதேங்கோ, நான் சிலவேளை காலை மிதிப்பன்.”