தங்கக் கால்களில் சந்தனம்

"இதை யாரு தொட்டா? சொல்லுங்க... யாரு தொட்டது?"

ஆயுத பூஜைக் காலையில் அந்தச் சத்தம் மும்பை தாராவிச் சந்து முழுவதும் கேட்டிருக்கும். சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த பிரேமலதா கரண்டியோடு திரும்பினாள். கொழுந்தன் தமிழ்செல்வன் உள்ளங்கையை நீட்டியபடி நின்றான். கையில் அவனுடைய புது பிராசசர். சின்ன பிஸ்கட் அளவுதான் இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் நெருக்கமாக நிற்கும் மெல்லிய தங்கக் கால்களின் மேல் சந்தனம் அப்பியிருந்தது. நடுவே ஒரு குங்குமப் பொட்டு வேறு! ஒரு மூலையில் கால்கள் வளைந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

கம்ப்யூட்டருக்கு மூளையே இதுதான். இதை வாங்க அந்த வீடு பட்ட பாடு கொஞ்சமா? தமிழ்செல்வன் செம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவன். மறுபடி சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை எடுக்கலாம், ஓய்ந்த நேரத்தில் கேமும் ஆடலாம் என்பது அவன் ஆசை. அதற்காகக் குர்லாவில் பை தைக்கும் பிரேமலதா மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள். கடைக்கும் கூடவே போனாள்.

கடைக்காரர் முகம்மது ஹனீப் மூன்று பிராசசர் டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்று கேமில் பறக்கும், ஆனால் தனியாக கிராபிக்ஸ் கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றுமே தெரியாது. இன்னொன்று பெரிய பெரிய எடிட்டிங்குக்கு, அதற்கேற்ற போர்டு வாங்கவே இன்னும் ஒரு வருடம் ஞாயிறும் வேலை பார்க்கவேண்டும். தமிழ்செல்வன் பறக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரேமலதாதான் மூன்றாவதைத் தொட்டுக் கேட்டாள்.

"இதுல கார்டு இல்லாமலே படம் வருமா?"

"ஆமா அக்கா, கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு. ஆறு கோர், ஆறு வேலைய ஒண்ணாப் பாக்கும். எடிட்டிங் நல்லா ஓடும். கேம் கொஞ்சம் கொறைச்சு வச்சு ஆடலாம். கார்டு எப்ப வேணா போட்டுக்கலாம்."

"அப்ப இதுதான். இன்னிக்கே வேல செய்யுறதுதான நமக்கு வேணும்?"

ஹனீப் சிரித்துவிட்டார். வரும் வழியெல்லாம் தமிழ்செல்வன், "மதினி, உங்க மூளைதான் அந்த டப்பாவுக்குள்ள இருக்கு" என்று கிண்டலடித்துக்கொண்டே வந்தான். பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் மாட்டுவதாக இருந்தான். அந்த டப்பாவைத்தான் யாரோ பிரித்துவிட்டிருந்தார்கள்.

யார் என்று பிரேமலதாவுக்குத் தெரிந்துவிட்டது. சாமி படத்தின் பக்கத்தில் மாமியார் பேராச்சி உட்கார்ந்திருந்தாள். வலது கையை முந்தானைக்குள் ஒளித்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் இவனுடைய பழைய கம்ப்யூட்டரை, ஓடாத சாமான் என்று நினைத்து, பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவுக்கு எடைக்குப் போட்டவள் இந்தப் பேராச்சிதான். அதில் இரண்டு வருட வேலை இருந்தது. அன்றிலிருந்து பெற்ற தாயோடு அவன் பேசவில்லை. திலக் நகரில் நண்பன் டென்சிலோடு தங்க இடம்கூடப் பார்த்துவிட்டான். போன வாரம்தான் முதல்முறையாக, "சாப்ட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டான். அந்த ஒரு வார்த்தைக்குக் கிழவி இரண்டு நாள் அழுதாள்! இப்போது இதுவும் அவள் வேலைதான் என்று தெரிந்தால்...

"நான்தான் வச்சேன்" என்றாள் பிரேமலதா.

தமிழ்செல்வன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீங்களா? மதினி... நீங்களா?" அவன் குரல் உடைந்தது. "இது என்னன்னு இந்த வீட்ல உங்களுக்கு மட்டும்தான தெரியும்! வாரண்டியும் போச்சு... எல்லாம் போச்சு! அம்மாவுக்கு மேல உங்கள நெனச்சேன். போதும்! இனிமே இந்த வீட்ல எனக்கு யாரும் வேண்டாம்!"

கணவன் நாகராஜ் தன் பங்குக்குப் பாய்ந்தான். "புத்தி கெட்டுப் போச்சாட்டி ஒனக்கு? சின்னப் பிள்ளையா நீ?"

மூன்று மாத ஞாயிறுகள் அந்த உள்ளங்கையில் கிடந்தன. அதைச் சொல்லிக்காட்டப் பிரேமலதாவுக்கு வரவில்லை. கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு வழிந்தது. தமிழ்செல்வன் பரணிலிருந்து பையை இழுத்துத் துணிகளைத் திணிக்கத் தொடங்கினான்.

"ஏல செல்வம்... அவள ஏசாதல."

பேராச்சி எழுந்து நின்றிருந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. விரலெல்லாம் காய்ந்த சந்தனம்.

"அத்தை, நீங்க சும்மா இருங்க..."

"நீ சும்மா இரு தாயி! இந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு வருசமா நீதான சும்மா இருக்க. இன்னிக்காவது நான் பேசுதேன்." அவள் மகனைப் பார்த்தாள். "நாந்தாம்ல வச்சேன். ஒங்க அண்ணன் ஸ்பானருக்கு வச்சேன். இவ கத்திரிக்கு வச்சேன். ஒன் சாமானத்த மட்டும் எப்பிடில விடுவேன்? அன்னிக்கு குப்பன்னு எடைக்குப் போட்ட பாவி நான்... இன்னிக்கு கும்புட்டாலாவது நீ என்கூடப் பழையபடி பேசமாட்டியான்னு... தங்கமா மின்னுச்சுல்லா, அதான் மொகம்னு நெனச்சு அந்தப் பக்கம் வச்சுட்டேன். வழிஞ்சத தொடச்சப்போ வளைஞ்சு போச்சு..."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தமிழ்செல்வன் கையிலிருந்த சட்டை நழுவியது. அம்மாவைப் பார்த்தான். பிறகு மதினியைப் பார்த்தான்.

"நீங்க எதுக்கு மதினி சொன்னிய?"

"என்னைய ஏசுனா நாளைக்கு மறந்துருவ. அத்தைய ஏசிட்டுப் போனா நீ திரும்பி வரமாட்ட செல்வம்."

பெரிய ஆண்பிள்ளை, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். பேராச்சி ஓடிவந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவன் வாயிலிருந்து, "அம்மா... ரோ மத், அழாதம்மா..." என்று வந்தது. நாகராஜ் மனைவியின் முகத்தைப் பார்க்கமுடியாமல் சுவரைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாதுல்லா பிரேமா..." என்று முனகினான். தெரிந்துகொள்ள அவன் என்றைக்கு முயன்றான்!

அழுது முடித்ததும் தமிழ்செல்வன் சந்து முனை மொபைல் கடையிலிருந்து ஸ்பிரிட் வாங்கிவந்தான். மெதுவான பிரஷ்ஷால் சந்தனத்தைக் கழுவி எடுத்தார்கள். வளைந்த கால்களை நிமிர்த்தப் போனவன் பாதியிலேயே நிறுத்திவிட்டான். ஒன்று ஒடிந்தாலும் தீர்ந்தது. பிராசசரை மதினி பக்கம் நீட்டினான்.

"என்னால ஆகாது. நீங்க பண்ணுங்க."

"ஒடிஞ்சிட்டா?"

"ஒடிஞ்சா ஒடியட்டும் மதினி. உங்க கைதான."

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, இருப்பதில் மெல்லிய ஊசியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தினாள் பிரேமலதா. கடைசிக் கால் நேரானதும் தமிழ்செல்வன் வாங்கி போர்டில் வைத்தான். அழுத்தாமலே அது தன் இடத்தில் இறங்கியது. மத்தியானம் பெட்டியின் பொத்தானை அழுத்தியபோது விசிறி சுற்றியது. திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது... பிறகு வெளிச்சம் வந்தது!

"வந்துருச்சு!" என்று அவன் கத்தினான்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிரேமலதா வழக்கம்போலப் பரிமாறக் கரண்டியை எடுத்தாள். பேராச்சி அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"உக்காருட்டி."

"அவங்க ரெண்டு பேரும் இன்னும்..."

"அவனுவ காத்துக் கெடப்பானுவ. உக்காரு."

முதல் தட்டு பிரேமலதாவின் முன்னால் வந்தது. சுண்டலும் பாயசமும் சோறும் நிறைந்த தட்டு. நாகராஜும் தமிழ்செல்வனும் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் ஆண்களுக்கு முன்னால் ஒரு வாய் எடுத்து வைத்தாள் பிரேமலதா. பழக்கத்தில் அவசர அவசரமாக அடுத்த வாயையும் எடுத்தாள். மாமியார் அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

"மெதுவா சாப்பிடு தாயி" என்றாள்.