பிஜுவுக்குக் கேட்ட பெயர்

கொட்டுகிற மழையில் உள்ளே ஓடிவந்த அந்த நாய், வந்ததும் வராததுமாக அகஸ்டினாவின் கஞ்சி போட்ட புடவையில் சேற்றுக்கால் வைத்தது...

"நாய்க்கெல்லாம் இங்க இடமில்ல," என்றாள் வெடுக்கென்று. முதலியார்பேட்டையின் அந்த முதியோர் குடியிருப்பில் கமிட்டிச் செயலாளர் அவள்தான். ஐம்பத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற பிரெஞ்சு டீச்சர், கல்யாணம் கட்டாதவள்.

நாயோடு அங்கே குடிவந்தவர் குடையை விலக்கி அவள் உதடுகளையே பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மதாம். பிரெஞ்சு ராணுவத்துல காது போயிடுச்சு. உதட்டப் பாத்துதான் புரிஞ்சிக்குவேன். யாராவது என் பேரச் சொன்னா, இந்த பிஜு என் முழங்கால தொட்டு அவங்ககிட்ட கூட்டிட்டுப் போவும். என் பேரு தெயோ."

இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு நேரம் யார் பார்த்தார்கள்? அகஸ்டினாவுக்குச் சொல்ல வந்தது மறந்துபோனது...

"ஒரு மாசம் பாக்கலாம்," என்றாள்.

மூன்றாம் வாரம் அது ஆரம்பித்தது. தினமும் மதியம் மூன்று மணிக்கு, எல்லாரும் கண்ணயரும் நேரத்தில், பிஜு தெயோவை ஏழாம் எண் அறைக்கு அழைத்துப்போய் நிறுத்தியது. அகஸ்டினாவின் சிநேகிதி பொலெத் போன மாதம் இறந்துபோன அறை. கதவு பூட்டியே கிடந்தது. பிஜு அதைப் பிராண்டிக்கொண்டே நின்றது.

எட்டாம் அறை கிருஷ்ணசாமி ஒருநாள் கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு வெளிறிப்போனார். "உள்ள முணுமுணுன்னு சத்தம்... அந்தம்மாதான் இவரக் கூப்பிடுது."

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. நாய் போக வேண்டும் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். செயலாளர் ஒருத்திதான் பாக்கி.

"பிஜு இல்லாம என்னால இருக்க முடியாது. காலையில கெளம்பிடறேன்," என்றார் தெயோ.

அகஸ்டினா பேனாவைத் திறந்தாள். போட்டால் அவர் போய்விடுவார். போடாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். இந்த வயதில்... இத்தனை பேர் முன்னால்...

பேனாவை மூடினாள். தெயோவுக்குத் தன் உதடு தெரியும்படி திரும்பினாள்.

"பொலெத் கூப்பிடல. உள்ள நான்தான் இருந்தேன். அவ ஆத்துமாவுக்காக தெனம் உள்ள பூட்டிக்கிட்டு ஜெபமாலை சொல்றேன். நடுவுல... உங்க பேரு வந்துடுது. அடக்கிப் பாத்தேன். பிஜு பிராண்டறப்ப மூச்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன்."

கிருஷ்ணசாமி இருமினார்.

"புரியல மதாம். இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் தெயோ.

"பொய். உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு."

"புரிஞ்சிடுச்சு. இன்னொரு தடவ பாக்கணும்."

"உங்கள புடிச்சிருக்கு," என்றாள், குரலே எழாமல், உதட்டால் மட்டும்... அவர் கண் நிறைந்துவிட்டது.

அப்போது பிஜு சட்டென்று எழுந்தது. தெயோவின் முழங்காலைத் தொட்டது. அவளிடம் வரவில்லை. இருண்ட நடையில், ஏழாம் எண் அறைப் பக்கம் அவரை இழுத்தது.

அறைச் சாவி அகஸ்டினாவின் இடுப்பில்தான் இருந்தது; உள்ளே யாரும் இல்லை. உள்ளங்கை சில்லிட்டுப்போனது. அந்தக் கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தாலும் பொலெத்கிட்டதான் எப்பவும் மொதல்ல சொல்லுவேன். வாங்க... ரெண்டு பேருமா போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."