போட்டு வாறம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது அந்த மாடிக்கட்டடம். ஒரு காலத்தில் அங்கே வீடு எடுப்பதற்குச் சிபாரிசுக்கு ஆள் பிடிக்க வேண்டும். வாடகையும் விலைவாசியும் ஏற ஏற, சனம் யாழ்ப்பாணம், வவுனியா என்று கிளம்பிவிட்டது. மேல்மாடியில் மிஞ்சியது சுபோதினியும் அவளது சின்ன மகள் யதுஷாவும்தான். கிளிநொச்சியில் வேலை கிடைத்து முன்னே போன கணவன் சாமான் ஏற்ற வான் அனுப்பும்வரை காத்திருந்தார்கள்.

எதிர்வீட்டு அன்னபாக்கியம் மகனிடம் யாழ்ப்பாணம் போன பிறகுதான் அது தொடங்கியது.

பொழுதுபட்டால், பூட்டிய அந்த வீட்டுக்குள் செருப்புக் கழற்றும் சத்தம். பிறகு மிளகாய் வறுக்கும் மணம்.

பிறகு அன்னபாக்கியத்தின் இருமல்.

சுபோதினி யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தாள். அன்னபாக்கியம் உயிரோடுதான் இருந்தாள். குரலில்தான் உயிர் இல்லை. தன்னைக் கண்டால் மகனே விலகிப் போகிறான் என்றாள்.

“வெளிக்கிடேக்க வீட்டைப் பாத்து, போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டன், பிள்ளை. பாதி நான் அங்கதான் நிக்கிறன். நீங்கள் அப்பிடிச் சொல்லிப்போடாதேங்கோ.”

நம்மவருக்குப் ‘போறன்’ என்ற சொல் லேசில் வாயில் வராது; போய்விட்டு வருகிறேன் என்று, ‘போட்டு வாறன்’ என்றுதான் விடைபெற வேண்டும். அது திரும்பாத பயணத்துக்கான சொல் என்று சின்னதிலேயே அதட்டிப் பழக்கிவிடுவார்கள். சுபோதினியும் மகளை அப்படித்தான் பழக்கியிருந்தாள். இப்போது அந்தப் பழக்கத்தை மறக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

வான் வந்த காலையில் சாமான் எல்லாம் மாடியிலிருந்து கீழே இறங்கியது. வாசலில் நின்று, “போறம்” என்றாள் சுபோதினி.

யதுஷா வெறும் அறையைப் பார்த்துக் கை காட்டினாள்.

“போட்டு வாறன்.”

சுபோதினி அவள் வாயைப் பொத்தினாள். பிந்திவிட்டது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு படி இறங்கி ஓடினாள்.

வான் மதவாச்சி ஊரைத் தாண்டியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. யதுஷா மடியில் தலை வைத்துத் தூங்கினாள். வீண் பயம் என்று சுபோதினி தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போது போன் அடித்தது. கட்டடத்துக் காவலாளி ஜெயகுமார்.

“அக்கா, பாப்பாவ உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டீங்களா? கதவத் தட்டி, அம்மா அம்மான்னு அழுவுது.”

போனில் அந்த அழுகை அவளுக்கும் கேட்டது. பெற்றவளுக்குத் தெரியாத குரலா அது?

மடியில் இருந்தவள் கண் விழித்தாள். எழுந்து, சற்றுத் தள்ளி, முன்பின் தெரியாத ஒருத்தியின் பக்கத்தில்போல அடக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

“அன்ரி, இன்னும் கன தூரமோ?”