காலிப் பையின் கனம்

தண்ணீரை எல்லாம் கொட்டிய பிறகும் பை கனத்தது.

மொட்டைமாடியின் கட்டைச் சுவரில் பையைச் சாய்த்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பட்டைகளுக்குள் கையை நுழைத்து, மார்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு எழப்போனவள், எழ முடியாமல் மறுபடியும் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் ஊற்றிய தண்ணீரை வயிறு முட்டக் குடித்த பூந்தொட்டிகள் அடியில் ஒழுகிக்கொண்டிருந்தன. சூடு ஆறாத தளத்தின் மேல் ஈரமண் வாசனை பரவியது. பைக்குள் இருந்தவை காலி பாட்டில்கள் மட்டுமே. ஒரு குழந்தை கூடத் தூக்கிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம். விடியும் முன் கிளம்பி, உச்சியைத் தொட்டு, இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும். ஏற்பாடெல்லாம் நாத்தனாருடையது. அவள் பிசியோதெரபிஸ்ட். கண் மருத்துவமனை வரவேற்பு மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்தே தேய்கிற அண்ணியை மலையேற்றிக் காட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சவால் விட்டிருந்தாள். "மூணாவது மாடிக்கே லிஃப்ட் வரலைன்னா கீழ நின்னு போன் பண்றவ, மலைக்குப் போறாளாம்!" என்று கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே போய்விட்டு வருவது என்று இவளுக்கும் வீம்பு பிறந்துவிட்டது.

பயிற்சி எளிதுதான். பை நிறையத் தண்ணீர் பாட்டில்களோடு படிவழியாக மொட்டைமாடி வரை ஏற வேண்டும். மேலே தண்ணீரைக் கொட்டிவிட்டு லேசாக இறங்க வேண்டும். "ஏறுறதுக்குத்தான் அண்ணி பாரம். பாரத்தோட இறங்கினா முட்டி போயிடும். முட்டி என்ன, கடையில கிடைக்குமா?"

பையை மாட்டும்போதெல்லாம், மகளை உப்புமூட்டை தூக்குகிற பழக்கத்தில், "ஏறிக்கோ கண்ணு" என்று சொல்வாள். ஒரு வேடிக்கைதான். இன்று காலிப் பையிடமும் சொல்லியிருந்தாள்.

அலுப்பாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து படியில் கால் வைத்தாள். படிக்கட்டில் யார் வீட்டிலிருந்தோ வரும் சோப்பு வாசனை, மூடிய கதவுகளுக்குப் பின்னால் தொலைக்காட்சிகளின் முணுமுணுப்பு, எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன; ஆனால் படி திரும்பும் இடத்தில் அவள் இடப்பக்கம் திரும்ப, முதுகிலிருந்த கனம் ஒரு கணம் தாமதித்துப் பின்னால் வந்தது, எட்டிப் பார்த்துவிட்டு ஒட்டிக்கொள்வதைப் போல. அடுத்த திருப்பத்திலும் அதேதான். கனம் தன்னைச் சரிசெய்துகொண்டது. இடுப்பின் இரண்டு பக்கமும் ஏதோ அழுத்தியது. பட்டை அங்கே கிடையாது.

மனிதக் குரல் ஒன்று வேண்டும் போலிருந்தது. நாத்தனாரை அழைத்தாள்.

"என்ன அண்ணி, ஏறியாச்சா?"

"இறங்கிட்டிருக்கேன். பை கனமா இருக்குடி."

"தண்ணியக் கொட்டலையா?"

"கொட்டிட்டேன்."

"அப்ப அலுப்புதான். இப்படியா மூச்சு வாங்கும்? நில்லுங்க. கொஞ்சம் மூச்சை அடக்குங்க."

அவள் நின்றாள். மூச்சை அடக்கினாள்.

"அடக்குங்கன்னா," என்றாள் நாத்தனார். "இன்னும் வாங்குதே."

போன் கையிலிருந்து நழுவிக் படிக்கட்டுக் கைப்பிடிகளின் நடுச்சந்து வழியே விழுந்தது. அண்ணி, அண்ணி என்ற குரல் கீழே போய்க்கொண்டே இருந்து, எங்கோ மோதி நின்றுவிட்டது. அதன் பிறகுதான் பிடரியில் காற்றை உணர்ந்தாள். ஊதுகிற காற்றல்ல. உள்ளே இழுக்கிற காற்று. கழுத்தின் சிறுமுடிகள் பின்பக்கம் சாய்ந்தன. யாரோ அவளை மோந்து பார்த்தார்கள்.

மார்புக் கொக்கியை அழுத்தினாள். அழுந்தவில்லை. பட்டைகள் விண்ணென்று இழுபட்டு நின்றன. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கத்தினால் கதவுகள் திறக்கும். திறக்கிற கதவுகளில் ஒன்று அவளுடையது. கணவன் இரண்டாம் ஷிப்டில் இருந்தான். ஐந்து வயது மகள் கார்ட்டூன் பார்த்தபடி தனியாக இருந்தாள்.

வீட்டுக்குப் போகக் கூடாது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இதை மகளிடம் கொண்டு போகக் கூடாது. மூன்றாவது மாடியைத் தாண்டி, கீழே, தெருவுக்கு, ஆள் நடமாட்டத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே என்ன ஆனாலும் ஆகட்டும்.

ஐந்தாவது மாடி. நான்காவது. மூன்றாவதில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், தன் வீட்டுக் கதவைத் திருடியைப் போலக் கடந்தாள். அவள் மூச்சு விடவில்லை. முதுகில் இருந்தது விட்டது.

கதவு திறந்தது.

"அம்மா, எங்க போற?"

சட்டென்று எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். முதுகிலிருந்த பை சுவரில் படவில்லை. நடுவே ஒன்று இருந்தது. நசுங்க மறுத்தது.

"உள்ள போ கண்ணு. கதவச் சாத்திக்கோ. அம்மா இதோ வந்துடறேன்."

"ஏன் அழற?"

"அழல. உள்ள போடா தங்கம். போன்னா போ!"

மகள் போகவில்லை. அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவும் இல்லை. பார்வை அம்மாவின் தோளுக்குச் சற்று மேலே போய் நின்றது. முதலில் புருவம் சுருங்கியது. பிறகு, தெரிந்த யாரோ கண்ணாமூச்சி காட்டியதைப் போல, முகம் மலர்ந்தது.

"வேண்டாம்," என்றாள் அவள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "என்கிட்டயே இரு. நான் சுமக்கறேன். இரு."

மகள் இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள்.

"என்னையும் தூக்கு."

கொக்கி தானாகத் தெறித்தது. தோள்கள் லேசாயின. காலிப் பை சுவரில் போய் முட்டியது.

பாய்ந்தாள். கைக்கு எட்டவில்லை. மகளின் பாதங்கள் தரையை விட்டு எழும்பி, அம்மாவின் இடுப்பைத் தாண்டி, முகத்தைத் தாண்டிப் போயின. வெற்று வெளியில் இரண்டு குட்டிக் கைகள் எதையோ கழுத்தோடு இறுகக் கட்டிக்கொண்டிருந்தன. குழந்தை சிரித்தது. அதன் ஒரு பக்கக் கன்னம், ஒன்றுமே இல்லாத இடத்தில் அழுந்தி, சப்பையாகியிருந்தது.